படுக்க வைத்த கதவு

ஒரு சனிக்கிழமை காலை அவள் அச்சகத்திலிருந்து கொண்டுவந்த தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, சிவப்புப் பேனாவால் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் கணவர் படுக்கையறைக் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூன்று கீல்களில் இரண்டைக் கழற்றும்வரை அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாவது கீல் கிறீச்சிட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணும் இல்ல. வீட்டிலயே நேரா இருக்கிற பொருள் இது ஒண்ணுதான்."

அவர் அதைச் சும்மா சொல்லவில்லை. ஒரு வாரமாக இரும்பு அளவுகோலை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க அலைந்திருந்தார். சாப்பாட்டு மேசைக்கு நடுவில் தொப்பை. கட்டில் பலகைக்குக் கூன். தரை ஜன்னல் பக்கமாகச் சரிந்திருந்தது. படுக்கையறைக் கதவில் மட்டும் அளவுகோலை எப்படி வைத்தாலும் அடியில் ஒரு தாள்கூட நுழையவில்லை.

அவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர். நாளெல்லாம் ஊசியோடு நிற்பவர். யார் எவ்வளவு பயந்தாலும் "ஒண்ணும் இல்ல, லேசா சுருக்குனு இருக்கும்" என்று ஒரே குரலில் சொல்வார். வீட்டில் எந்தக் காரியத்தைத் தொடங்கினாலும் அவருக்கு வாயில் வருவது அதே வாக்கியம்தான்.

எல்லாம் அவளுடைய கழுத்து வலியில் ஆரம்பித்தது. குனிந்தே படித்துப் படித்துக் கழுத்து பிடித்துக்கொள்கிறது, தாளைச் சாய்த்து வைக்க ஒரு சின்ன மரத்தாங்கி இருந்தால் தேவலை என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். வேறு ஆளாக இருந்தால் கடைக்குப் போயிருப்பார். இவர் மூன்று நாள் யோசித்துவிட்டு, தாங்கி செய்வதற்கு முன் தாங்கி செய்யும் எந்திரத்தைச் செய்துவிடுவது என்று முடிவெடுத்தார். கம்ப்யூட்டரில் படம் வரைந்தால் போதும், மோட்டார்கள் ஒரு வெட்டும் முனையை முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழும் நகர்த்தி, வரைந்தது வரைந்தபடி மரத்தைக் குடைந்து கொடுத்துவிடும். அந்த எந்திரம் உட்கார ஒரு மேடை வேண்டும். மேடை கண்ணாடிபோல் சமமாக இருக்க வேண்டும். ஆகவே கதவு.

அதை நான்கு கால் போட்டு, கூடத்தின் நடுவில் படுக்க வைத்தார். மேலே குறுக்கே ஓடும் பாலத்துக்கு இரண்டு தூண் வேண்டியிருந்தது. சமையலறை அலமாரியின் கதவுகள் இரண்டும் போயின. ஓட்டிப் பார்த்தபோது தெரு நாய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் குரைத்தன. சத்தத்தை அடக்கச் சுற்றிலும் பெட்டி கட்ட வேண்டியிருந்தது. சாமான் அறைக் கதவு, அவளுடைய துணி அலமாரிக் கதவு, கடைசியில் குளியலறைக் கதவு.

குளியலறைக் கதவு விஷயத்தில் அவள் ஒற்றைக்காலில் நின்றாள். "அதைத் தொட்டீங்கன்னா நான் அச்சகத்திலயே குடியேறிடுவேன்" என்றாள்.

பிரச்சினையைத் தீர்த்தவர் அவளோடு இருந்த அப்பா. ரயில் நிலையத்தில் முப்பத்து நான்கு வருஷம் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவர் குரலுக்கு வீட்டில் வேலை எதுவும் இருக்கவில்லை. குளியலறை வாசலில் ஒரு திரையைத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. குளியலறையிலிருந்து எட்டு மணிக்குப் புறப்பட வேண்டிய மாப்பிள்ளை, பதினைந்து நிமிடம் தாமதமாகப் புறப்படுவார். ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்."

முதல் இரண்டு நாள் அவளுக்கு மானம் போயிற்று. மூன்றாம் நாள் அச்சகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் "அப்பா, அடுத்தது எப்போ?" என்று அவளே கேட்டாள்.

இதற்கிடையில் கழுத்து வலி தாங்காமல், போகிற வழியில் ஒரு கடையில் தாங்கி ஒன்றை வாங்கி வந்துவிட்டாள். கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனம் புண்படுமோ என்று பயந்தாள். அவர் முகம் மலர்ந்தது.

"அப்பாடா. இனிமே அவசரம் இல்ல. நிதானமா செய்யலாம்."

எதற்காகச் செய்ய வேண்டும் என்று கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

முதல் சோதனைக்கு வெட்டும் முனையை எடுத்துவிட்டு ஒரு பேனாவைக் கட்டினார். வட்டம் வரையச் சொன்னார். எந்திரம் உறுமிக்கொண்டு போய், வந்து, ஒரு முட்டையை வரைந்தது. மறுபடி சொன்னார். அதே முட்டை, அதே சாய்வு. ஒரு மாதிரிக் கம்பீரமாகக்கூட இருந்தது. பதினோரு முட்டைகளுக்குப் பிறகு அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

அப்பா எழுந்து வந்து குனிந்து பார்த்தார். தண்டவாளம் என்று ஒன்று இருந்தால் அவர் விடமாட்டார். பாலம் ஓடும் இரண்டு கம்பிகளையும் மாறி மாறிக் கவனித்தார்.

"மாப்பிள்ளை, இந்தப் பக்கம் வண்டி கரெக்ட் டைமுக்கு வருது. அந்தப் பக்கம் லேட்."

உண்மைதான். பாலத்தை இரண்டு பக்கமும் இரண்டு மோட்டார்கள் இழுத்தன. ஒன்றில் ஒரு திருகு தளர்ந்து, அந்தப் பக்கம் மட்டும் ஒவ்வொரு திருப்பத்திலும் மயிரிழை பின்தங்கியது. இறுக்கினார்கள். பன்னிரண்டாவது தடவை வட்டம் வட்டமாக வந்தது. அப்பா அதன் கீழே வந்த நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டார்.

இந்தச் சமயத்தில்தான் வீட்டுக்காரர் போன் செய்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டைப் பார்வையிடுவது அவர் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார்.

அவள் போனை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். வாசற்கதவைத் தவிர வீட்டில் கதவே இல்லை.

"எல்லாத்தையும் மறுபடி மாட்டிடுங்க" என்றாள்.

"முடியாதும்மா. படுக்கையறைக் கதவுல மட்டும் நாப்பத்தாறு ஓட்டை போட்டிருக்கேன். நிமிர்த்தி வச்சா வடிகட்டி மாதிரி இருக்கும்." கொஞ்சம் யோசித்தார். "குளியலறைக்காவது புதுசா ஒரு கதவு செஞ்சிடலாம். அதுக்குத்தானே எந்திரம் இருக்கு."

அதிலும் ஒரு சிக்கல். கதவின் மேல் ஓடும் எந்திரம் தன்னைவிடச் சின்னக் கதவைத்தான் வெட்டும். மோட்டார் வைத்த இடம், பாலம் திரும்பும் இடம் எல்லாம் கழித்தால், குளியலறைக் கதவில் முக்கால் பங்குக்குத்தான் கை எட்டியது. முதலில் கீழ்ப்பாதியை வெட்டி, பலகையை நகர்த்தி, பிறகு மேல்பாதியை வெட்டுவது என்று முடிவாயிற்று.

"ரம்பத்தால அறுத்தா பத்து நிமிஷம் ஆகுமா?" என்று கேட்டாள்.

"ஆகும். ஆனா அது அறுத்த கதவு."

அந்தக் குரலில் இருந்த வருத்தத்தைக் கேட்டபின் அவள் ரம்பப் பேச்சை விட்டுவிட்டாள். அவர் எந்திரத்துக்கான கட்டளைகளை நான்காயிரத்துச் சொச்சம் வரிகளாகத் தயார் செய்தார். ஓரம், கைப்பிடித் துளை, அழகுக்காக நடுவில் ஒரு பூ. கடைசி நேரத்தில் சில எண்களைத் தானே கையால் மாற்றினார். அவள் சும்மா இருக்க முடியாமல் அதை அச்சடித்து வாங்கிக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். எழுத்தே இல்லாத, எண்கள் மட்டும் நிறைந்த அந்தத் தாள்கள் அவளுக்கு ஏனோ பிடித்திருந்தன. இதில் யாரும் உவமை எழுதவில்லை.

சனிக்கிழமை மதியம் கீழ்ப்பாதி முடிந்தது. பலகையை நகர்த்திப் பூட்டினார்கள். கணவர் அதன்மேல் கை வைத்து, "ஒண்ணும் இல்ல, லேசா சுருக்குனு இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஓடவிட்டார். மரத்தூள் பெட்டிக்குள் பனிபோல் பறந்தது. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்துப் போனாள். மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டாம் வரிக்கு வந்தபோது பேனா நின்றது. பூவுக்கான எல்லா வரியிலும் ஆழம் நான்கு மில்லிமீட்டர் என்று 4.0 இருந்தது. இந்த வரியில் புள்ளியைக் காணோம். நாற்பது.

"எந்திரம் இப்ப எந்த வரியில இருக்கு?"

"மூவாயிரத்துத் தொண்ணூறு. ஏன்?"

நாற்பது என்றால் பலகையைத் துளைத்து, கீழே இருக்கும் கதவையும் துளைத்துவிடும். விளக்கிச் சொல்ல நேரம் இல்லை. அவசரத்துக்கு அழுத்தும் சிவப்புப் பொத்தானை, அழகாக இருக்கிறது என்று, அவர் பெட்டிக்கு உள்ளே பொருத்தியிருந்தார். அவள் பாய்ந்து போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று அப்பா ஆரம்பித்து, மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கணவர் தாளை வாங்கிப் பார்த்தார். காணாமல்போன புள்ளியின் இடத்தில் அவள் போட்டிருந்த சிவப்பு வளையத்தைத் தடவினார். "கதவைக் காப்பாத்திட்டே" என்றார்.  அவர் சொன்னது கீழே படுத்திருந்த கதவை.

ஆனால் நடுவில் உயிர் போன எந்திரம், தான் எங்கே நின்றது என்பதை மறந்துவிட்டது. மறுபடி கண்ணால் பார்த்து இடம் குறித்து ஓட்டினார்கள். வெட்டி முடித்து எடுத்தபோது கதவின் மேல்பாதி கீழ்ப்பாதியைவிட இரண்டு விரல் இடப்பக்கம் தள்ளியிருந்தது. பூவின் மேலிதழ்கள் யாரோ கூப்பிட்ட மாதிரி ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. வேறு பலகை இல்லை. அதையே மாட்டினார்கள். கீல் கீழ்ப்பாதியில் மட்டும் பிடித்தது. மூடினால் மேலே வலப்பக்கம் இரண்டு விரல் இடைவெளி. உள்ளே நிற்பவரின் ஒரு காதும் கொஞ்சம் தோளும் தெரிந்தன.

ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் டார்ச் விளக்கு, கக்கத்தில் ஒப்பந்தக் கோப்பு. உலகத்தில் அவருக்கு ஒரே ஒரு எதிரி உண்டு. அது ஆணி. சுவரில் ஆணி அடித்தார்களா என்பதைத் தவிர வேறு எதையும் பார்க்க அவர் வருவதில்லை. டார்ச்சைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, இன்னொரு கையால் தடவிக்கொண்டே, கூடத்திலிருந்து படுக்கையறைக்கும், படுக்கையறையிலிருந்து சமையலறைக்கும் கதவில்லாத நிலைகள் வழியாகச் சாவகாசமாகப் போய் வந்தார். கூடத்தின் நடுவில் இருந்த பெரிய பெட்டியைச் சுற்றி நடந்தாரே தவிர, அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"போன வருஷத்தைவிட வீடு காத்தோட்டமா இருக்கு" என்றார் திருப்தியோடு. "என்ன பண்ணீங்க?"

"கொஞ்சம் ஒதுங்க வச்சோம் சார்" என்றார் கணவர்.

எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். கிளம்பும் நேரத்தில் அவர் குளியலறை எங்கே என்று கேட்டார். அப்பா பழக்கதோஷத்தில் அவர் வருகையையும் உத்தேசப் புறப்பாட்டையும் அறிவித்தார். உள்ளே போன வீட்டுக்காரர் வெகுநேரம் வரவில்லை. இடைவெளி வழியாக அவருடைய காது முதலில் தெரிந்தது. பிறகு கண் தெரிந்தது.

வெளியே வந்து கதவைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார்.

"இது என் கதவு இல்ல."

 அவர் முதல்முறையாகச் சுவரை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்தார். நிலைகளைப் பார்த்தார். பிறகு பெட்டியிடம் போய் எட்டிப் பார்த்தார். தன் படுக்கையறைக் கதவு நாற்பத்தாறு ஓட்டைகளோடு மல்லாந்து கிடப்பதைக் கண்டார்.

"படுக்க வச்சுட்டீங்களே" என்றார். ஆஸ்பத்திரியில் உறவினரைப் பார்க்க வந்தவர் குரல் அது.

"ஒப்பந்தத்தைக் கொஞ்சம் கொடுங்க சார்" என்றாள் அவள்.

வாங்கி வரி வரியாகப் படித்தாள். கதவைப் பற்றி அதில் எதுவும் இல்லை. இருந்தது ஒரே ஒரு தடை. அதை இரண்டு தடவை படித்தாள். அவளுக்கு மூக்கில் வியர்த்தது.

"சார், 'சுவரில் ஆனி அடிக்கக் கூடாது'ன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா. அதுதான் முக்கியம்."

"ரெண்டு சுழி 'ன' போட்டிருக்கு. அது ஆனி மாசம். நீங்க சொல்றது மூணு சுழி. இதன்படி பார்த்தா சுவர்ல மாசத்தை அடிக்கக் கூடாது. ஆணி எவ்வளவு வேணும்னாலும் அடிக்கலாம்."

வீட்டுக்காரர் கோப்பைப் பிடுங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பக்கத்தில் இருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அஞ்சு வீட்டுக்கும் இதேதான் எழுதியிருக்கேன்" என்றார். "இருபத்திரண்டு வருஷமா."

 அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். எந்த நேரமும் யார் வேண்டுமானாலும் ஐந்து வீட்டுச் சுவர்களிலும் ஆணி அடித்திருக்கலாம், ஒரு சுழியில் தப்பியிருக்கிறோம் என்ற நினைப்பு அவர் முகத்தில் வெளிறி நின்றது. அவள் கணவருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஊசிக்கு முன் மயங்கி விழுபவர்களைப் பார்த்துப் பழகியவர்.

"சார், அந்த வாக்கியத்தை மரத்துல செதுக்கித் தந்துடறேன். மூணு சுழியோட. வீட்டுக்கு ஒண்ணு."

அன்று மதியம் வீட்டுக்காரர் சாப்பிடக்கூடப் போகவில்லை. எந்திரத்தின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, 'ணி'யின் மூன்று சுழியும் ஒவ்வொன்றாக மரத்தில் விழுவதைப் பார்த்தார். மூன்றாவது சுழி முடிந்ததும் பெருமூச்சு விட்டார். கதவுகள் படுத்தபடியே இருக்கலாம் என்று ஏற்பாடாயிற்று. குளியலறைக்கு மட்டும் அவரே பழைய கதவு ஒன்றை அனுப்பிவைப்பதாகச் சொன்னார்.

மூன்றாவது ஞாயிறு ஐந்து பலகைகளையும் கயிற்றால் கட்டி எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பி நின்றார்.

"இதைச் சுவர்ல எப்படி மாட்டறது?"

பசை போடலாம் என்றார் கணவர். பசை பெயின்ட்டைப் பெயர்த்துவிடும் என்றார் வீட்டுக்காரர். கடைசியில் தரையில் சாத்தி வைப்பது என்று தீர்மானித்தார்கள். ஒரு வீட்டில் குடியிருந்தவர்கள் அதன்மேல் காய்கறி நறுக்கினார்கள். அவர் போய்ப் பார்த்து, பின்பக்கத்தில் நறுக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வந்தார். டார்ச் கொண்டுவரவில்லை. ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவள் முன் வைத்துவிட்டு, எந்திரம் ஓடினால் எந்திரத்தையும், ஓடாவிட்டால் அவளுடைய சிவப்புப் பேனாவையும் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஒப்பந்தத்தில் மட்டும் எண்பத்தேழு பிழைகள் இருந்தன.

"இதுதான் நீங்க பார்த்ததிலயே அதிகமா?" என்று கேட்டார். குரலில் லேசான ஆர்வம் இருந்தது.

"இல்ல சார். போன மாசம் ஒரு கவிதைத் தொகுப்பு வந்தது. அதுல இருநூறு."

அவர் முகம் கொஞ்சம் வாடிற்று. அடுத்த ஒப்பந்தத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.