துருத்திப் பலகைக்குப் பின்னால்

நான்கு மணிக்குப் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் சான்று கிடைக்காவிட்டால் எட்டாம் அத்தியாயத்தைத் தூக்கிவிடுவார்கள். அது போனால் அதை எழுதிய கெஷேயின் பதினோரு வருட உழைப்பும் ஆற்றில் கரைத்த புளிதான்.

விஷயம் இதுதான். ஆர்கன் மேதை ஹார்ம் ஃபோல்கெர்ட்ஸ் 1761இல் சாகும்வரை எங்கள் ஊர்த் தேவாலயத்தில் தானே வாசித்தார் என்று எல்லா இசை வரலாற்று நூல்களும் சொல்கின்றன. ஒருவர் எழுதினார், மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். கடைசி ஆறு வருடம் மனிதர் கை விளங்காமல் கிடந்தார், வாசித்ததெல்லாம் மகள் ஆன்ட்யே என்கிறாள் கெஷே. ஆனால் சபைப் பதிவேட்டில் அப்பன் பெயர்தானே இருக்கிறது! பெண்பிள்ளை பெயரை அன்றைக்கு எவன் எழுதினான்?

"இல்லாத ஊருக்குப் போகாத வழி காட்டுறீங்க மேடம்," என்று பதிப்பாசிரியன் ட்யார்க் காலையில்தான் போனில் குத்தினான்.

இரண்டரை மணிக்கு ஒக்கோ கூப்பிட்டான். அவளோடு பள்ளியில் படித்தவன். இப்போது அந்த ஆர்கனைப் பழுதுபார்க்கிறான்.

"கெஷே, கையில இருக்கறத அப்படியே போட்டுட்டு ஓடி வாடீ!"

கையில் இருந்தது நாத்தனார் ஊற்றிக் கொடுத்த தேநீர். மூன்று கோப்பை குடிக்காமல் எழுந்தால் எங்கள் பக்கம் பெரிய அவமரியாதை. முதல் கோப்பையின் கற்கண்டு கரையும் முன்பே கெஷே சைக்கிளில் ஏறிவிட்டாள். நாத்தனார் வாசலில் நின்று திட்டியது தெருமுனைவரை கேட்டது.

ஆர்கனுக்குப் பின்னால் இருக்கும் துருத்தி அறையில் ஒக்கோ ஒரு பலகையைக் கழற்றிச் சாய்த்து வைத்திருந்தான். மின்சாரம் வருவதற்கு முன்னால் ஆர்கனுக்குக் காற்று கொடுக்க ஓர் ஆள் அங்கே துருத்தி மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரசங்க நேரத்தில் மட்டும் அவனுக்கு வேலை இல்லை. சும்மா இருப்பானா? பலகையின் உட்பக்கத்தில் கரியால் கிறுக்கியிருக்கிறான்.

"அடப்பாவி! இந்தப் பலகையில சாஞ்சுதானே வருஷக்கணக்கா குறிப்பெடுத்தேன்!"

"முதுகுல கண்ணில்லையே உனக்கு. படி, படி!"

அந்தக் காலக் கையெழுத்து கெஷேவுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

'1756 ஈஸ்டர். கிழவர் படுக்கையில. ஆன்ட்யே வாசிக்கிறா. பிரசங்கம் முடியற மாதிரி தெரியல. இப்படிக்கு, எய்லெர்ட்.'

'1758 கிறிஸ்துமஸ். இன்னிக்கும் ஆன்ட்யே. காத்து குறைஞ்சுதுன்னு என்னைக் கழுதைங்கறா.'

கெஷே போனை உருவினாள். படமெடுத்து அனுப்பிவிட்டு ட்யார்க்கை அழைத்தாள். மணி மூன்று நாற்பது.

"ரெண்டு தடவை அப்பாவுக்கு உடம்பு முடியாம இருந்திருக்கும் மேடம்," என்றான் அவன். "ஆறு வருஷம்னு எப்படிச் சொல்றது?"

"வாய வச்சுக்கிட்டு சும்மா இரு, அஞ்சு நிமிஷம்!"

மண்டியிட்டாள். பலகையின் அடிப்பக்கம் விரலளவு தூசி. ஒக்கோ தூரிகையைத் தேடுவதற்குள் தன் கழுத்துத் துணியை உருவி, ஊதி ஊதி, பூப்போல ஒற்றி எடுத்தாள். எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. போனில் ட்யார்க் காத்திருக்க, உரக்கப் படித்தாள்.

'1761. இன்னிக்குக் கிழவரைப் புதைச்சாச்சு. ஆறு வருஷமா கையைத் தூக்க முடியாம கிடந்தாரு. ஆன்ட்யே மூணு மணி நேரம் வாசிச்சா, நான் நிறுத்தாம மிதிச்சேன். கால் வீங்கிப்போச்சு. அவ அப்பன் ஒருநாளும் இப்படி வாசிச்சதில்ல.'

ஒக்கோ தொப்பியைக் கழற்றினான். கெஷே அழுதுகொண்டே சிரித்தாள்.

"மேடம்," என்றான் ட்யார்க். குரல் மாறியிருந்தது. "எட்டாம் அத்தியாயம் இருக்கட்டும். அச்சகத்துல நான் பேசிக்கறேன். வேற ஏதாவது மாத்தணுமா?"

"ஆன்ட்யேவ 'வாயில்லாப் பூச்சி'ன்னு எழுதித் தொலைச்சிருக்கேன். அத வெட்டு. அத்தியாயத்தோட கடைசி வரியையும் எடுத்துடு."

"அது உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச வரியாச்சே! அந்த இடத்துல என்ன போட?"

"எய்லெர்ட் எழுதின கடைசி வரியப் போடு. ஓர் எழுத்தைத் தொட்ட, கொன்னுடுவேன்."