அடுப்படிக்குப் பக்கத்து அறை

மேட்டு நகரத்திலிருந்து கேபிள் கார் லா பாஸ் நகரப் பள்ளத்துக்குள் இறங்க இறங்க, "கீழ என்னடி தெரியுது?" என்று பசிலியா கேட்டுக்கொண்டே வந்தாள். இரண்டு கண்ணிலும் புரை அவளுக்கு. எல்லாம் பாலுக்குள் மூழ்கினாற்போல இருக்கிறது என்பாள். தங்கை நெலிதா தகரக் கூரைகளைச் சொன்னாள், காயும் துணிகளைச் சொன்னாள், மொட்டை மாடியில் தூங்கும் ஒரு நாயைச் சொன்னாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அறுவை. ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில் ஓர் இரவு தங்க இடம் வேண்டும், அவ்வளவுதான்.

முதல் விடுதியில் கதவைத் திறந்தவன் பட்டண உடுப்பிலிருந்த நெலிதாவைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற அக்காவின் மலைக்குடி அடுக்குப் பாவாடையையும் வட்டத் தொப்பியையும் முதுகு மூட்டையையும் பார்த்தான். "இடமில்லீங்க." ஜன்னலில் 'அறை உண்டு' என்ற அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது விடுதியில், கடைசி அறை இப்போதுதான் போயிற்று என்றார்கள். வழி சொன்ன இரண்டு பேரும் இரண்டு பக்கம் கை காட்டினார்கள். இரண்டு பக்கமும் ஏற்றம்.

"நம்ம ஊர்ல மாட்டுக்குக்கூட இதைவிடச் சுளுவா இடம் கிடைக்கும்" என்று பசிலியா சிரித்தாள். நெலிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது விடுதிக்காரி மிர்த்தா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நீங்க டீச்சர்தானே? முகத்துலயே தெரியுதே! மேல ஜன்னல் வச்ச ரூம் தரேன். உங்க வேலைக்காரம்மா அடுப்படிக்குப் பக்கத்து ரூம்ல படுத்துக்கட்டும், கட்டில் கிடக்கு."

நெலிதா வாயைத் திறந்தாள். ஆனால் நீட்டிய சாவியைத்தான் வாங்கிக்கொண்டாள். "சரிங்கம்மா" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

திருத்தாமல் விட்டதற்கு அலுப்புதான் காரணம் என்று, மாடியில் அந்த நல்ல கட்டிலில் உட்கார்ந்து, நெலிதா தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அலுப்பில்லை. முகத்திலேயே தெரிகிறது என்று அந்த அம்மாள் சொன்னபோது உள்ளுக்குள் குளிர்ந்ததே, அதுதான். அந்தக் குளிர்ச்சியை இழக்க மனம் வரவில்லை. நாலு வயதில் தாயில்லாமல் போன தன்னை, சந்தையில் உருளைக்கிழங்கு விற்று டீச்சருக்குப் படிக்க வைத்தவள், கீழே இருந்தாள்.

இறங்கிப் போனபோது பசிலியா முக்காலியில் உட்கார்ந்து, விரலாலேயே தடவிப் பார்த்துக் கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"நல்ல ஆளாக் கிடைச்சிருக்கா உங்களுக்கு" என்றாள் மிர்த்தா. "கண்ணு தெரியாமலே எவ்வளவு மெல்லிசாச் சீவுறா பாருங்க. எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்கா?"

"நான் பிறந்ததுலேர்ந்து."

"அப்போ குடும்பத்துல ஒருத்தி மாதிரிதான்."

"ஆமா" என்றாள் நெலிதா.

மிர்த்தா அந்தப் பக்கம் போனதும் குனிந்து, தங்கள் அய்மாரா பாஷையில், "அக்கா, நான் சொல்லிடறேன்" என்றாள்.

"சொல்லிட்டு? மறுபடி ஏறி இறங்கணுமா? எனக்குக் கண்ணு வேணும்டி. போய்ப் படு." கத்தி நிற்கவே இல்லை.

காலையில் ஆஸ்பத்திரியில், நர்ஸ் தாளை நீட்டி, "நெருங்கின சொந்தம் யாராவது கையெழுத்துப் போடணும். நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

நெலிதா நிமிர்வதற்குள் பசிலியா முந்திக்கொண்டாள். "நான் டீச்சரம்மா வீட்டுல வேலை செய்யறேங்க. சொந்தம்னு யாரும் வரல."

அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. தங்கைக்கு ஒரு சங்கடம் வராமல் பார்த்துக்கொள்கிறவளின் அவசரம்தான் இருந்தது. நெலிதா பேனாவை வாங்கி, உறவு என்ற கட்டத்தில் 'தங்கை' என்று எழுதினாள். பேனா தாளைக் கிழித்துவிடும்போல அழுந்தியது. நர்ஸ் படித்துவிட்டு நெலிதாவின் குதிகால் செருப்பைப் பார்த்தாள், பசிலியாவின் பாவாடையைப் பார்த்தாள், தாளைக் கோப்பில் செருகினாள்.

மருந்து விட்ட கண்களோடு, நெலிதா இல்லாத பக்கமாகத் திரும்பி, பசிலியா பணிவாகக் கேட்டாள்: "எழுதி முடிச்சிட்டீங்களா டீச்சரம்மா?"