முனியாண்டிக்கு நேர்ந்த துரை

கம்போங் ராஜா என்னும் மலையூருக்கு மேலே, மலைச்சரிவெங்கும் பச்சைப் பாய் விரித்தாற்போல் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டத்தில், பனிமூட்டம் மெல்லக் கலைந்து, இளங்கதிர் முகடுகளைத் தொட்டுக்கொண்டிருந்த இனிய காலைப்பொழுது அது. காடும் தோட்டமும் கைகோக்கும் எல்லையிலே, முனியாண்டி கோயிலின் முன் கட்டப்பட்டு, தன் முடிவறியாமல் தலைநிமிர்ந்து நின்றது ஒரு கிடா.

தேயிலை வரிசைகளுக்கிடையே மேலாளரைப்போல் மிடுக்காக நடப்பதால் அதற்குத் துரை என்று பெயர். தாயிழந்த குட்டியாக வந்த அதற்குப் புட்டிப்பால் புகட்டி வளர்த்தவள் கொழுந்து பறிக்கும் நீலாவதி. அவளிடம் ஒரு சொல் கேளாமலே அதை முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டவன் அவள் கணவன் குகனேஸ்வரன். வீட்டுக்குப் பின்னுள்ள முட்டைக்கோசுப் பாத்தியைக் கிளறிப் பாழாக்கிய காட்டுப்பன்றிகள் ஒழிந்தால் கிடா வெட்டுவதாக அவன் வேண்டிக்கொள்ள, பன்றிகளும் வரவு குறைந்து, பின் அடியோடு நின்றுபோயின. இனி வேண்டுதலை நிறைவேற்றாமல் இருக்க முடியுமா?

"அது நம்ம புள்ள மாதிரிங்க. வேணாங்க," என்று நீலாவதி விம்மினாள்.

"சாமிகிட்ட குடுத்த வாக்குலா. மாத்த முடியாது," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, பூசாரியின் வரவை எதிர்நோக்கி நின்றான் அவன்.

அப்போது காட்டோரப் புதர் விலகியது. அன்பரே, இம்மலைநாட்டுச் சிறுத்தைகள் பெரும்பாலும் கருநிறத்தன. அடர்காட்டு நிழலிலே நிழலாய் உலவி, பன்றிக்குட்டியும் கேளையாடு என்னும் சிறுமானும் தேடியுண்டு, மாந்தர் வாடை பட்டால் ஒதுங்கிவிடுவன. அத்தகைய கருஞ்சிறுத்தை ஒன்று, கொழுத்த பன்றிக்குட்டியை வாயிற் கவ்வியபடி வெளிப்பட்டு, சட்டென நின்றது. சாய்ந்த இளவெயில் மேனியிற் பட, கருமைக்குள் ஒளிந்திருந்த புள்ளிகள் பட்டுச்சேலைப் பூக்களாய்த் தெரிந்தன. துரை கயிறு நீளுமட்டும் பின்வாங்கிற்று. சிறுத்தையோ கட்டுண்ட கிடாவை ஒருமுறை பார்த்தது. கவ்வியிருந்ததே போதுமென்பதுபோல் திரும்பி, வந்த வழியே மறைந்தது.

பன்றிகள் ஏன் வரவில்லை என்பது இருவருக்கும் அப்பொழுதே விளங்கிவிட்டது.

"பாத்தீங்களா? வேலைய செஞ்சது அது. கூலியையும் அதுவே எடுத்துக்கிச்சு. அப்புறம் என் துரை எதுக்கு?"

குகனேஸ்வரன் கயிற்றை அவிழ்த்தான். "சாமியே அனுப்பி, கிடா வேணாம்னு காட்டிட்டாருலா. சுருட்டும் பூசணிக்காயும் போதும்."

பூசாரியின் கத்தி அன்று பூசணிக்காயை மட்டுமே கண்டது. நீலாவதி துரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், உடனே சிரித்தாள்.

மறுநாட் காலை, பன்றிகள் வராமல் மீண்டும் தழைத்த முட்டைக்கோசுப் பாத்தியிற் பாதியைக் காணவில்லை. நடுவில் மிடுக்காக நின்று மென்றுகொண்டிருந்தது துரை.

"இதுக்கு எந்தச் சாமிகிட்டலா வேண்டிக்கிறது?" என்று தலையிற் கைவைத்தான் குகனேஸ்வரன்.

பசிக்கு மேல் ஒன்றும் வேண்டாத சிறுத்தை தன் காட்டில் நெடுங்காலம் நலமாய் வாழட்டும். அளவறியாத துரைகளை நாம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வோம்.