இரும்புக் கம்பு எந்த மூட்டையில்?

1

இந்தக் கதையை நான் யோசித்து உண்டாக்கவில்லை. திண்டிவனம் போகும் பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருந்த சூர்யகலா, இரண்டு பிளாஸ்டிக் கவர்களை என்னிடம் நீட்டினாள். "இதுல எது சார் இரும்புக் கம்பு?"

இரண்டிலும் கம்பு. இரண்டும் ஒரே மாதிரி.

(கட்டடக் கம்பி இல்லை. இரும்புச் சத்து கூடுதலாக இருக்கும்படி உருவாக்கிய புது ரகக் கம்பு.)

2

உழைத்துக் காய்த்துப்போன அவள் கைகளில்… வேண்டாம். கைகளை நான் பார்க்கவே இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அரசு கொடுத்த புது விதையை ஒரு கொல்லை நிலத்திலும் பழைய விதையை அடுத்த கொல்லையிலும் விதைத்திருந்தாள். கதிரடித்துக் காயப்போட்ட அன்று மழை.

"ஜல்தியா வாரிக் கட்டினோம் சார். எது எந்த மூட்டைன்னு யாருக்கும் தெரியல. ஒரே பேஜாரு."

மகள் சங்கவி பிரசவத்துக்கு வந்திருந்தாள். ரத்தம் (ஹீமோகுளோபின்) எட்டுதான். ஒரே மூட்டையிலிருந்து இரண்டு மாதம் கூழ் காய்ச்சிக் கொடுத்தாள். பத்தரைக்கு ஏறியது. 'இதுதான் அந்த மூட்டை' என்று தெரு முழுக்கச் சொன்னாள் சூர்யகலா. 'நான் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை செய்த வேலை' என்றார் நர்ஸம்மா. சங்கவி கூழ்க் கிண்ணத்தைக் கழுவப் போனாள்.

நான் அவளைப் பேருந்தில் பார்த்ததற்கு முந்தின நாள் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி வந்தாள். ஆறு மாதக் கர்ப்பம், ரத்தம் ஏழு.

"அந்த மூட்டையில கொஞ்சம் குடுக்கா. மாத்திரை குமட்டிக்கினே இருக்குது, நிறுத்திட்டேன். உன் கம்பு போதும்."

விடிந்ததும் சூர்யகலா இரண்டு மூட்டையிலிருந்தும் ஒவ்வொரு கவர் அள்ளிக்கொண்டு பேருந்து ஏறினாள்.

3

(எனக்கு அன்று வேறு வேலை இருந்தது. அவளோடு வேளாண் அலுவலகத்துக்குப் போய்விட்டேன்.)

அதிகாரி கவர்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். "கண்ணால பாத்து சொல்ல முடியாதுங்கம்மா. லேபுக்கு அனுப்பணும். நாளாவும்."

பாஞ்சாலிக்கு அவ்வளவு நாள் இல்லை.

வெளியே வந்ததும் சூர்யகலா மகளுக்குப் போன் போட்டாள். "சங்கவி, உண்மையச் சொல்லு. நீ மாத்திரைய முழுங்கினியா, தூக்கிப் போட்டியா?"

வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பாஞ்சாலியை அழைத்தாள்.

"நான் தெரியாம சொல்லிட்டேன்மா. மாத்திரைய நிறுத்தாத. கம்பு ரெண்டு மூட்டையிலயும் தரேன்."

4

சங்கவி என்ன சொன்னாள்?

நான் கேட்கவில்லை. 'முழுங்கினேன்' என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டு, 'தூக்கிப் போட்டேன்' என்று எழுதினேன். எதை எழுதினாலும் சூர்யகலா பாஞ்சாலியிடம் 'மாத்திரைய நிறுத்தாத' என்றுதான் சொல்கிறாள். எனக்குக் குழப்பம் தீரவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், இடம் விட்டிருக்கிறேன்:

"அம்மா, நான் அந்த மாத்திரைய…