இரண்டு பக்கமும் அடைத்த சுவர்

குழாய் நுழையும் ஓட்டை வழியாகக் குத்திய ஸ்க்ரூடிரைவர் மரச்சுவரின் அடிப்பலகைக்குள் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. குளியலறைக்குள் மண்டியிட்டிருந்த குழாய்க்காரி அதைச் சட்டென்று வெளியே இழுத்தாள். இந்தச் சுவருக்குள் நிற்கும் தூண்தான் மாடியைத் தாங்குகிறது. மாடியில் மாமியார்.

"உன் குழாய்தான் ஒழுகுது" என்றான் தச்சன். ஊருக்கு மரவேலை செய்பவன், அவளுக்குப் புருஷன்.

"என் குழாயா? மீட்டரைப் பாருங்க!"

துருப்பிடித்த பழைய குழாய்களைப் பிடுங்கிப் புதிது போட்டவள் அவள்தான். காலையில் அழுத்தம் ஏற்றி மாட்டிய மீட்டரில், மத்தியானமாகியும் முள் இம்மி அசையவில்லை; குழாயில் கசிவில்லை. டைல்ஸுக்குப் பின்னால் ஈரம் புகாத பிளாஸ்டிக் தாளையும் தன் கையாலேயே ஒட்டியிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு சொட்டுகூடச் சுவருக்குப் போக வழியில்லை. அப்படியென்றால்?

விருட்டென்று எழுந்து வெளியே போனாள். சுவரின் வெளிப்பலகைகள் வெயிலில் பளபளத்தன. நகத்தால் சுரண்டினாள். ரப்பர் மாதிரி உரிந்து வந்தது.

"என்னங்க இது?"

பின்னாலேயே வந்த தச்சன் தலையைச் சொறிந்தான். "வாட்டர்ப்ரூஃப் பெயின்ட். நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப அடிச்சேன். வந்ததும் அசத்தலாம்னு..."

"அன்னிக்கெல்லாம் கொட்டு கொட்டுன்னு மழையாச்சே!"

"விட்டதும் அடிச்சேன்."

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "நல்லா அசத்தினீங்க! உள்ள நான் அடைச்சேன், வெளிய நீங்க அடைச்சீங்க. நனைஞ்ச மரம் எந்தப் பக்கமாக் காயும்? ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம ஆளுக்கொரு பக்கம் காப்பாத்தியே கொன்னிருக்கோம்."

"டைல்ஸை உடைச்சிடலாமா?"

"குளிக்கிற தண்ணி உள்பக்கம். அந்தத் தாள் இருந்தே ஆகணும். பலகைதான் கழலணும்."

ஒவ்வொரு பலகையும் அவன் இழைத்துப் பொருத்தியது. வாயைத் திறக்கப் போனான். அதற்குள் மாடி ஜன்னலில் மாமியாரின் தலை தெரிந்தது.

"என்னடா அங்க குசுகுசுன்னு? நானா இறங்கணுமா, இல்ல வீடே என்னை இறக்கிடுமா?"

"நீயே இறங்கி வாசல்ல உட்காரும்மா!" என்று கத்திவிட்டு மனைவியிடம் குரலைத் தாழ்த்தினான். "தூண் போயிருந்தா?"

"மாத்துவோம். முட்டுக்கொடுக்க ஜாக்கி இருக்கு, தூண் செய்ய நீங்க இருக்கீங்க. ம், கழட்டுங்க."

மாமியார் வாசலுக்கு வந்து சேர்ந்ததும், கடப்பாரையை மேல்பலகையில் கொடுத்து நெம்பினான். சுவர் முனகிக்கொண்டே திறந்தது. குப்பென்று புழுக்க நாற்றம். வெளிப்பட்ட தூணைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தான்; உளுத்திருந்தால் பொத்தென்று கேட்கும். டங். அடுத்த பலகை கழன்றதும் இன்னும் கீழே. டங். கடைசிப் பலகைகள் மட்டும் பாக்கி.

அவள் அவன் தோளோடு தோளாகக் கடப்பாரையைப் பிடித்தாள். அவர்கள் முகத்துக்கு நேராக, வெயில் பட்ட தூணிலிருந்து அடைபட்ட ஈரம் மெல்லிய ஆவியாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.