அணைக்கக் கூடாத என்ஜின்

2014 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு, தூறல் ஓய்ந்து வெயில் இன்னும் வராதிருந்த வேளையில், நில அளவை அலுவலகக் கண்காணிப்பாளரின் இதயம் நின்றது; ஆனால் அவர் சாகவில்லை. அதே நிமிடத்தில், சாவி சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருக்க, வாசலில் நின்ற அவருடைய சிறிய காரின் என்ஜின் தானே ஓடத் தொடங்கியது. வந்த டாக்டர் அவர் மார்பில் குழலை வைத்துக் கேட்டார்; சத்தமில்லை. வெளியே போய் பானட்டின் மேல் வைத்துக் கேட்டார். துடிப்பு சீராக இருந்தது. உப்பைக் குறைக்கும்படியும் காரை அணைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து காரைக் கவனிக்கும் பொறுப்பு அவர் மனைவியிடம் வந்தது. பெட்ரோல் குறைந்தால் அவருக்குக் கண் இருட்டும். ஏர் ஃபில்டரில் தூசி படிந்தால் மூச்சு வாங்கும். அவள் அதைக் கழற்றித் தட்டி மாட்டினால் அன்று நன்றாகத் தூங்குவார். அவள் காரைக் கடைக்கு எடுத்துச் சென்ற நாட்களில், அவர் நாற்காலியில் அமர்ந்தபடியே ஒவ்வொரு கியரையும் அனுபவித்தார்.

“பாலத்துல மூணாவது கியர்லயே ஏறினியா?”

“ஆமா. பெட்ரோல் மிச்சம்னு நீங்கதானே அப்படி ஓட்டுவீங்க.”

“நெஞ்சு திணறிப்போச்சுடி. நாளையிலிருந்து ரெண்டாவது போடு.”

தொல்லை ஆயிலில் இருந்தது. என்ஜினை அணைக்க முடிந்த காலத்தில் அவர் ஒருமுறைகூட ஆயிலை முழுதாக மாற்றியதில்லை. அலுவலகத்தில் எந்தக் கோப்பின் மேலும் ‘பரிசீலிக்கலாம்’ என்று எழுதிப் பழகிய கை, மெக்கானிக் கேட்டபோதெல்லாம் ‘பார்ப்போம்’ என்று அசைந்தது. அளவு குறைந்தபோது பழையதன் மேலேயே கொஞ்சம் புது ஆயில் ஊற்றிக்கொண்டார். இப்போது மாற்ற விரும்பினாலும் வழியில்லை. பழைய ஆயிலை வடிக்க என்ஜினை நிறுத்தியாக வேண்டும். மனைவியும் மேலே ஊற்றியே ஆண்டுகளை ஓட்டினாள். ஐந்தாம் ஆண்டில் அவருடைய உதடுகள் கறுத்தன, விரல்கள் சில்லிட்டன. என்ஜினில் எழுந்த தட்டல் அவர் விலா எலும்புகளிலும் கேட்டது. விருந்தினர் வந்தால் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள்.

மெக்கானிக் ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார்.

“தார் மாதிரி இருக்கும்மா. இனியும் விட்டா ஜாம் ஆயிடும். வடிச்சே ஆகணும்.”

“ஓடும்போதே வடிக்க முடியாதா?”

“ஓடுற ஆளுக்குச் செருப்பு மாட்ட முடியுமா? அரை மணி நேரம் நிறுத்தணும்.”

“மறுபடி ஸ்டார்ட் ஆகுமா?”

“என்ஜின் ஆகும். சாரைப் பத்தி எனக்குத் தெரியாது. அவரே எழுதிக் குடுக்கட்டும், அப்பதான் கை வைப்பேன்.”

கண்காணிப்பாளர் காகிதம் கேட்டு வாங்கினார். ஒரு வாக்கியம் எழுதுவார். அதில் ஒரு சொல்லை அடிப்பார். மடித்துத் தலையணைக்கு அடியில் வைப்பார். மழைக்காலம் அப்படியே கழிந்தது. தட்டல் பலத்தது. அவரால் ஒரு கவளத்தைக்கூட நடுங்காமல் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. மனைவி அருகில் வந்து அமர்ந்தாள்.

“இன்னுமா பரிசீலனை?”

“ஸ்டார்ட் ஆகலைன்னா?”

“ஆகலைன்னா ஆகலை. அணு அணுவா அடைச்சுப் போறதைப் பார்த்துக்கிட்டு இருக்க என்னால முடியாதுங்க.”

அவர் அவள் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “உன் கையெல்லாம் கிரீஸ்,” என்றார்.

“அஞ்சு வருஷமா அப்படித்தான் இருக்கு. இப்பதான் கண்ணுல பட்டுச்சா?”

அவர் புதுக் காகிதம் எடுத்தார். என்ஜினை நிறுத்துவதற்குத் தமக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரே வரியில், அடித்தல் திருத்தல் இன்றி எழுதி, கையெழுத்திட்டார்.

மறுநாள் காலை அந்தக் காகிதத்துடன் அவள் வாசலுக்கு வந்தாள். மெக்கானிக் பழைய ஆயிலைப் பிடிக்கக் காருக்கடியில் தட்டை வைத்துவிட்டு, ஸ்பேனருடன் குந்தியிருந்தார்.

“சார் படுத்துட்டாரா?”

“படுத்துட்டாரு. சட்டைப் பட்டனை எல்லாம் போட்டுக்கிட்டாரு.”

மெக்கானிக் தலையசைத்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நீட்டினார். அவள் காகிதத்தைக் கொடுத்தாள்.