கட்டி இல்லாத முகம்

பிரிக்ஃபீல்ட்ஸில் வாசுவின் கடையில் செத்தவர்களுக்குக் கோட்டு மாட்டிவிடுவதுதான் மாதவியின் வேலை. கல்யாண அட்டை, கோயில் திருவிழா பேனர் எல்லாம் வரும். ஆனால் நாள் தவறாமல் வருவது நினைவஞ்சலிப் படம்தான். வீட்டார் கொண்டுவரும் படங்களைப் பார்த்தால் அழுவதா சிரிப்பதா என்று தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்குக் குழாயோடு ஒன்று, யார் வீட்டுக் கல்யாணத்திலோ வாய் நிறையச் சோற்றோடு ஒன்று. உயிரோடிருந்தவரை அந்த மனுஷரை நேராக நிறுத்தி ஒரு படம் எடுக்க யாருக்கும் தோன்றியிருக்காது. மாதவி குழாயை எடுப்பாள், சோற்றை எடுப்பாள், விழுந்த பல்லை வைப்பாள், கோட்டும் டையும் மாட்டி நீல வானத்துக்கு முன்னால் நிறுத்துவாள். வாங்க வரும் பிள்ளைகள் "அப்படியே அப்பா மாதிரி இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அப்படியே இராது. அப்படியே இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதும் இல்லை.

கடையில் இருந்த கம்ப்யூட்டர்கள் கிழடு தட்டிவிட்டன. பெரிய படம் ஒன்றைத் திறக்கச் சொன்னால் மூச்சு வாங்கும். யாரோ வாசுவின் காதில் ஒரு புது எடிட்டரைப் பற்றி ஓதியிருந்தார்கள். எதையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டாம், பிரவுசரிலேயே திறந்துகொள்ளும், மீதியை ஏஐ பார்த்துக்கொள்ளும்.

"ட்ரையல் குடுத்திருக்கான் மாதவி. நல்லா போட்டு அடிச்சுப் பாரு. எது வேலை செய்யுது, எது சொதப்புதுன்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடு. நல்லா இருந்தா மாத்திடுவோம் லா," என்றார் வாசு.

"நல்லா இருந்தா என்னையும் மாத்திடுவீங்களா பாஸ்?"

வாசு சிரித்தார். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

ஆகவே குற்றம் கண்டுபிடிக்கும் ஆசையோடுதான் அவள் அதன்முன் உட்கார்ந்தாள். முதலில் தாராளமாகக் கிடைத்தது. மணப்பெண்ணின் கழுத்திலிருந்த தாலியைக் கறை என்று நினைத்துத் துடைத்துவிட்டது. மாலை போட்டிருந்த ஒருவரின் காதில் சாமந்திப்பூ முளைத்தது. படத்தை அகலமாக்கச் சொன்னால் பந்தியில் இருந்தவருக்கு மூன்றாவது கை வந்தது. இதையெல்லாம் சந்தோஷமாக எழுதிக்கொண்டாள். ஆனால் முகம் என்று வந்தபோது வாயடைத்துப் போனாள். மங்கிப்போன முகத்தைக் கொடுத்து ஒரு பட்டனைத் தட்டினால், இமை முடி முதல் பல்வரிசை வரை கழுவி வைத்ததுபோல் வந்து நின்றது. அரை நாள் குனிந்து உட்கார்ந்து அவள் செய்வதை அது ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் செய்தது. வயிறு எரிந்தது. ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. 'முகம்: மிகச் சிறப்பு' என்று எழுதினாள். இன்னும் கடினமான முகம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவது என்றும் முடிவுசெய்தாள்.

அப்படி ஒரு முகம் கிள்ளானில் அவள் வீட்டிலேயே இருந்தது. அவளுடைய அப்பா நாகையா.

காலமெல்லாம் கிள்ளானுக்கும் காப்பாருக்கும் இடையே லோரி ஓட்டி ஓய்ந்தவர். வலது புருவத்துக்கு மேல் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. வாலிபத்திலேயே வந்தது. ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார், அவரும் கத்திக்குப் பயந்து அப்படியே விட்டுவிட்டார். வெளியே போனால் தொப்பி இல்லாமல் போகமாட்டார். யாராவது படம் எடுத்தால் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொள்வார். இப்போது மறதி நோய் வந்து தொப்பியும் மறந்துபோனது, வெட்கமும் மறந்துபோனது. அதனால்தான் மாதவிக்கு நேர்முகமாக ஒரு படம் கிடைத்தது. வாசலில் பனியனோடு, பல்செட் இல்லாமல், எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அந்தப் படத்தைக் கொடுத்தாள். கட்டியின்மேல் ஒரு தடவு தடவினாள், போய்விட்டது. பட்டனைத் தட்டினாள். பல் வந்தது, கன்னத்தில் சதை வந்தது, முன்மண்டையில் முடி அடர்ந்தது, பனியன் சட்டையானது. ஏதோ வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர்போல் ஒருவர் திரையிலிருந்து பார்த்தார்.

"அப்பா, இது யாரு சொல்லுங்க பார்ப்போம்."

நாகையா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "தெரியலையேம்மா. யாரோ பெரிய மனுஷர் மாதிரி இருக்காரு."

மாதவி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு பாவமாக இருந்தது. சொந்த முகமே மறந்துபோகும் அளவுக்கு நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில் அம்மா வீரம்மா பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்விட்டுத் திரும்பியபோது கேட் திறந்து கிடந்தது. வீட்டில் நாகையா இல்லை. இனிப்புநீர் வியாதிக்கு இன்சுலின் ஊசி போட்டிருந்தது, வைத்த இட்டிலி தட்டில் அப்படியே இருந்தது. ஊசி போட்டுச் சாப்பிடாவிட்டால் மயக்கம் வரும், ஊசி தவறினாலும் வரும், அப்படியே விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று டாக்டர் பலமுறை சொல்லியிருந்தார். எங்கே போனாலும் யாராவது அடையாளம் கண்டு பிடித்து உட்காரவைத்தால்தான் உண்டு.

கடையில் இருந்த மாதவியை அண்ணன் விமலன் போனில் கூப்பிட்டான். "நான் போலீஸ் பாலாய்ல ரிப்போர்ட் குடுக்கப் போறேன். நீ ஒரு நல்ல போட்டோ போட்டு காணவில்லைன்னு செஞ்சு அனுப்பு. எல்லா குரூப்புலயும் போடணும். சீக்கிரம் லா."

நல்ல போட்டோ என்றான். அவளிடம் இரண்டு இருந்தன. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்தாள். ஒன்றில் பனியன், பொக்கை வாய், பளபளக்கும் கட்டி. நாடெங்கும் போகப் போகிற படம். மாதவிக்கு நிச்சயம் பேசி முடித்திருந்தார்கள். பூச்சோங்கில் இருக்கும் வருங்கால மாமியார் இராஜம்மாவும் குடும்பக் குரூப்பில் இருந்தார். வாழ்நாளெல்லாம் அந்தக் கட்டியை ஒளித்துவைத்த மனுஷரை இந்தக் கோலத்தில் ஊருக்குக் காட்டுவதா என்று அவளுக்கு மனசு வரவில்லை. அதில் பாசம் எவ்வளவு, மானம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. யோசிக்கவும் நேரமில்லை. வருஷக்கணக்காக ஒரே வேலையைச் செய்து பழகிய கை அது, வயதானவர் படம் என்றால் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அதற்குத் தெரியும். பெரிய மனுஷர் படத்தைப் போட்டு, மேலே சிவப்பில் 'காணவில்லை' என்று எழுதி, கீழே விமலனின் நம்பரைப் போட்டு அனுப்பினாள்.

விமலன் படத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. அப்பன் முகம் தெரிந்தவன் எதற்குப் பார்க்கப் போகிறான்? வந்ததை வந்தபடி அனுப்பினான். போலீசில் நெற்றிக் கட்டியைச் சொல்லித்தான் எழுதிக்கொடுத்தான். ஆனால் ஜனங்கள் போலீஸ் ரிப்போர்ட்டையா படிக்கிறார்கள்? கையில் இருக்கும் போனைத்தான் பார்க்கிறார்கள். கோயில் குரூப், பள்ளிக்கூடக் குரூப், லோரிக்காரர் குரூப் என்று படம் மதியத்துக்குள் ஊர் தாண்டிக் கம்போங் மேடான் வரை போய்விட்டது. குடும்பக் குரூப்பில் இராஜம்மா எழுதியிருந்தார்: 'சம்பந்தி எவ்வளவு கம்பீரமா இருக்காரு. கடவுள் கைவிட மாட்டார்.' அந்தத் தவிப்பிலும் மாதவிக்கு மனசின் ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து உடனே அருவருப்பாகவும் இருந்தது.

விமலன் மோட்டார் சைக்கிளில் கிள்ளானைச் சல்லடை போட்டான். பஸ் நிலையம், கோயில், ஆஸ்பத்திரி, ஒன்றையும் விடவில்லை. வீரம்மா சாமி மேடையை விட்டு எழுந்திருக்கவில்லை. போன் ஒலிக்கும்போதெல்லாம் வீடே நின்றுபோகும். ஒவ்வொரு முறையும் பேசியது சொந்தக்காரர்கள்தான், கிடைத்துவிட்டாரா என்று கேட்பதற்கு. பார்த்தேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இத்தனை பேர் கண்ணிலும் படாமல் ஒரு மனுஷர் எப்படி நடக்க முடியும் என்று விமலன் சுவரில் கையை ஓங்கி அறைந்தான்.

மறுநாள் நல்ல மழை. மழை விட்ட பிறகு காப்பாரில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கால்வாயில் நாகையா கிடந்தார். மயங்கி விழுந்தவரைத் தண்ணீர் மூடிவிட்டது என்றார்கள். போலீஸ்காரர் நெற்றிக் கட்டியைப் பார்த்துத்தான் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தாராம்.

பிணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தார்கள். வாசலில் கூடாரம் போட்டார்கள். வாசு பெரிய சட்டம் போட்ட படம் ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். மாதவியைக் கேட்டுத் தொல்லை செய்ய வேண்டாம் என்று, 'காணவில்லை' படத்திலிருந்தே முகத்தை வெட்டியெடுத்துச் செய்திருந்தார். அதைக் கூடாரத்து வாசலில் நாற்காலியில் வைத்து மாலை போட்டார்கள். பூச்சோங்கிலிருந்து இராஜம்மா வந்து வீரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சாங்கியம் தொடங்கும் முன் ஒரு பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். காப்பாரில் சாலையோரம் பசியாறச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள், பெயர் நல்லம்மாள். வாசலில் இருந்த படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"பாலாய்ல கேட்டு வந்தேன், வீடு மாறி வந்துட்டேனா தெரியல. காப்பார் லோங்காங் தண்ணியில விழுந்து செத்துப்போனவரு வீடு இதுதானா தம்பி?"

"இதுதான் அக்கா. உள்ள வாங்க," என்றான் விமலன்.

நல்லம்மாள் பெட்டியருகே போய்க் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவருதான். என் கடைக்கு வந்தாரு. முந்தாநாள் மத்தியானம் வந்து உட்கார்ந்தாரு. பேரு கேட்டேன், சொல்லத் தெரியல. தே ஆத்திக் குடுத்தேன், நாசி லெமாக் சோறு வச்சேன். நல்லா சாப்பிட்டாரு. அன்னிக்கு ராவு கடைப் பலகையிலயே படுத்துக்கிட்டாரு, என் வீட்டுக்காரர்தான் போர்வை குடுத்தாரு. நேத்துக் காலையில நான் வந்து அடுப்பு மூட்டுறதுக்குள்ள எழுந்து போயிட்டாரு."

விமலனின் முகம் மாறியது. "முந்தாநாளே எல்லா குரூப்புலயும் போட்டோமே அக்கா. உங்களுக்கு வரலையா?"

"வந்துச்சு தம்பி. கோயில் குரூப்புல வந்துச்சு."

"வந்துச்சா? நம்பர் இருந்துச்சுல்ல? ஒரு போன் போட்டிருக்கலாம்ல? ஒரு ராவு முழுக்க உங்க கடையில இருந்திருக்காரு."

யாரோ ஒரு பெரியவர், "சோறு போடத் தெரிஞ்சவளுக்கு ஒரு போன் போடத் தெரியல," என்றார். நல்லம்மாள் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போனை அவரு மூஞ்சிக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தேன் தம்பி. சாமி சத்தியமா பாத்தேன். என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுனேன். இவருக்கு நெத்தியில இவ்ளோ பெரிய கட்டி, போட்டோவுல இருந்தவருக்கு ஒண்ணுமில்ல. இவருக்குப் பல்லு இல்ல, அவருக்கு எல்லாம் இருந்துச்சு. அது யாரோ பணக்காரர், இது வேற யாரோன்னு நினைச்சிட்டேன். என் கண்ணு அவிஞ்சு போச்சு. நான்தான் அந்த மனுஷனக் கொன்னுட்டேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். விமலன் திரும்பி வாசலில் இருந்த படத்தைப் பார்த்தான். அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறவன்போல வெகுநேரம் பார்த்தான்.

மாதவி சுவரோரம் நின்றிருந்தாள். வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். கேட்க ஆளில்லை. பழி காப்பார்க்காரி தலையில் ஏற்கெனவே பாதி ஏறிவிட்டது, சாயங்காலத்துக்குள் முழுக்க ஏறிவிடும். அவளும் அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். இராஜம்மா பார்த்துக்கொண்டிருந்தார். மாதவி நடந்து போய் நல்லம்மாளின் எதிரே உட்கார்ந்தாள்.

"உங்க கண்ணுல தப்பில்ல அக்கா. கட்டிய எடுத்தது நான். பல்லு வச்சது நான். கையில நல்ல போட்டோ, உள்ளபடி இருக்கிற போட்டோ இருந்துச்சு. அத அனுப்பாம இத அனுப்புனேன்."

நல்லம்மாளுக்குப் புரியவில்லை. விழித்துக்கொண்டு பார்த்தாள். விமலனுக்குப் புரிந்தது. தங்கையைப் பார்க்கப் பிடிக்காமல் வெளியே போய்விட்டான். இராஜம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தார்.

வீரம்மா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அழுத அழுகை நின்றிருந்தது. அவள் குரல் உயரவில்லை.

"ஏன்டி அப்படிச் செஞ்ச?"

"அப்பா அழகா இருக்கணும்னு நினைச்சேம்மா."

வீரம்மா புருஷனின் நெற்றியில் கையை வைத்தாள்.

"அழகான ஆளையாடி தேடுனோம்? உங்கப்பனைத்தானே தேடுனோம்."